ஒரு வாரம் நிறுத்திய பொலி

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தின் கிழக்குச் சுவரில் நான் ஒரு படிக்கட்டு வரைந்து வைத்திருந்தேன். கரித்துண்டும் காவிக் கல்லும் கொண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து வரைந்த படம். அடிப்படியில் வேல் பிடித்த வேட்டைக்காரன். அடுத்த படியில் மாடு மேய்ப்பவன். அதற்கு மேல் ஏர் பிடித்த உழவன். உச்சியில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொப்பி வைத்த ஒருவன். தொப்பிக்காரனின் முகம் என்னையறியாமலே எங்கள் தோட்டத்துத் துரையின் முகமாக வந்துவிட்டது. மனித சமுதாயம் இப்படித்தான் படிப்படியாக ஏறி வந்தது என்று பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் படித்திருந்தேன். மலையகத்தில் லிந்துலைக்கு மேலே, அறுபதாம் ஆண்டை ஒட்டிய அந்தக் காலத்தில், அப்படிப்பட்ட புத்தகங்களைப் படிக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. அந்த நினைப்பைக் கெடுக்க வந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டே ஆசிரியர்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் என்னைப் பெரிய மாஸ்டர் என்றார்கள். அவர் வந்து சேர்ந்த அன்றே சின்ன மாஸ்டர் ஆகிவிட்டார். கந்தப்பளைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவருடைய அம்மாவும் கொழுந்து பறித்தவர். என்னைவிட இரண்டு வயதுதான் இளையவர். ஒல்லியான உடம்பு, கசங்கிய கோட்டு, கோட்டுப் பையில் எந்நேரமும் குறிப்பெழுத ஒரு கொப்பி. வந்த முதல் நாளே என் படத்தின் முன்னால் போய் நின்றார். பாராட்டப் போகிறார் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன். "மாஸ்டர், நம்ம ஆளுங்க இதுல எந்தப் படியில நிக்கிறாங்க?" என்று கேட்டார். மூன்றாவது படிக்கும் நாலாவது படிக்கும் நடுவில் என்று சொல்லி வைத்தேன். அவர் படத்தின் அடிப்படியைத் தொட்டுக் காட்டினார். "காலையில எலை கிள்ளுறப்போ காட்டுல கீரை பறிச்ச காலத்து ஆளா இருக்காங்க. மத்தியானத்துக்கு மேல தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குள்ள போய் மிஷின்கிட்ட நின்னா உச்சிப் படிக்குப் போயிடுறாங்க. ஒரே நாள்ல இவ்வளவு ஏறி எறங்குனா காலு வலிக்காதா மாஸ்டர்?" கேலி செய்யும் முகம் அல்ல அது. உண்மையாகவே அவருக்கு அது ஒரு சந்தேகம். நான் பெரிதாகச் சிரித்து வைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எரிச்சல் வந்தது.

பள்ளிக்கூடத்துக்கு மேலே நாலாம் நம்பர் மலை. விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, பேர் பதிந்து, பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு வருவார்கள். ஆளுக்கொரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி. அவரவர் நிரையின் தலைப்பில் போய் நின்றதும் கங்காணி, "பொலி சொல்லுங்க" என்பார். "பொலியோ பொலி" என்று மலை முழுக்கக் குரல் எழும்பும். அதற்குப் பிறகுதான் முதல் கொழுந்து கூடைக்குள் விழும். நான் பிறந்து வளர்ந்ததே தோட்டத்தில். அந்தச் சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தினமும் விடியும். ஒரு நாள்கூட அதை நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. சின்ன மாஸ்டர் வந்த இரண்டாவது வாரம், பள்ளிக்கூட வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "பொலிங்கிறது நெல்லுக் களத்துல சொல்றது. அம்பாரம் பெருகணும்னு சொல்றது. இங்க நெல்லும் இல்ல, களமும் இல்ல. பொலி மட்டும் எப்படி மாஸ்டர் இருக்கு?" என்றார்.

எனக்குப் பதில் தெரியும். மூடப் பழக்கம் என்றேன். உழவன் படியில் இருந்தபோது ஒட்டிக்கொண்டது, மேல் படிக்குப் போனதும் தானாக உதிர்ந்துவிடும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அப்படின்னா ஏர் பூட்டுற சடங்கு எங்க மாஸ்டர் போச்சு? வெதை போடுறப்போ செய்யிறது எங்க? நம்ம ஆளுங்க கடல் தாண்டி அக்கரையிலேருந்து வர்றப்போ ஆயிரம் பழக்கத்தைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. அதுல முக்காவாசி செத்துப்போச்சு. இது மட்டும் ஏன் பொழச்சுது?" என்றார். அதோடு விட்டாரா? விதைத் தேயிலையைக் காட்டிப் பேசத் தொடங்கினார். விதைபோட்டு முளைத்த செடிகள் ஒன்று மாதிரி ஒன்று இருக்காதாம். இந்த மண்ணுக்கும் குளிருக்கும் ஒத்துவந்தது நிற்குமாம். நிற்பதனாலேயே அதை உசந்த செடி என்று சொல்லிவிட முடியாதாம். வெக்கையான கீழ்நாட்டில் கொண்டுபோய் வைத்தால் அதுவே பட்டுப்போகுமாம். பழக்கமும் அப்படித்தானாம். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யும்போது கொஞ்சம் கொஞ்சம் மாறுமாம், அந்த இடத்துக்கு ஒத்துவந்தது தங்குமாம். மேல்படி, கீழ்ப்படி என்று ஒன்றுமே கிடையாதாம். இதே மாதிரி யோசிக்கிற பெரிய அறிஞர்கள் உலகத்தில் உண்டு என்பது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரிந்தது. அவருக்கு அப்போது அதுவும் தெரியாது. புத்தகம் படித்துச் சொல்லியிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மலையைப் பார்த்துச் சொன்னதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். தனி ஆள் என்பதால் என் மனைவி ரொட்டி சுட்டு, கட்டைச் சம்பல் இடித்து வைப்பாள். அவளும் கலியாணத்துக்கு முன் நாலு வருஷம் கொழுந்து எடுத்தவள். அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. அவர் அவளிடம் நேராகவே கேட்டார். "அக்கா, பொலி சொல்லாம ஒரு நாள் எடுத்தா என்னா ஆகும்?" அவள் ரொட்டிக் கல்லை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தே பதில் சொன்னாள். "பனி மூட்டமா இருந்தா பக்கத்து நெரையில ஆளு நிக்கிறாளா இல்லையான்னே தெரியாதுங்க தம்பி. பொலி சொன்னாத்தான் யாரு யாரு எங்க நிக்கிறாங்கன்னு தெரியும். அப்புறம், எல்லாரும் ஒண்ணாத் தொடங்கணும்ல? ஒருத்தி முந்திக்கிட்டா எங்க நெரை ஓரத்து எலையையும் சேத்துல்ல கிள்ளிருவா." அரை மணி நேரம் பேசினாள். யார் குரல் முதலில் எழும்பும், யார் வேண்டுமென்றே தாமதிப்பார்கள், கங்காணி பார்க்காதபோது என்ன நடக்கும், எல்லாம். அவர் எழுத எழுத அவள் முகத்தில் நான் பார்த்திராத ஒரு களை. அவர் போனதும், "கலியாணமாகி ஆறு வருஷமாச்சு. இதெல்லாம் எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே" என்றேன். "நீங்க கேட்டதே இல்லையேங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பொறாமை என்று அன்று அதற்குப் பேர் வைக்க நான் தயாராக இல்லை. அந்த ஆளுக்கு அடக்கம் போதாது என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் கொட்டகலைக்கு வருகிறார். தோட்டத்து மக்களின் வாழ்க்கை முறையைப் பற்றித் தோட்ட ஆசிரியர்கள் பேசுவதைக் கேட்பார். அவர்களில் ஒருவரைத் தன் ஆராய்ச்சிக்கு உதவியாளராகக் கூட்டிப் போவார். ஒருவரைத்தான். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதை எப்படிச் சொல்வது? தகரக் கூரைப் பள்ளிக்கூடத்தில், மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத இடத்தில், ஆயுசு முழுக்கப் பெரிய மாஸ்டராகவே கிடந்து சாக எனக்கு விருப்பமில்லை. சமுதாயப் படிக்கட்டைப் பற்றி இருபது பக்கம் எழுதினேன். சின்ன மாஸ்டரும் பேசப் போவதாகச் சொன்னார். எதைப் பற்றி என்று கேட்டேன். "பொலியைப் பத்தித்தான் மாஸ்டர். ஆனா நான் சொல்றது சரியான்னு எனக்கே நிச்சயமா தெரியல. நிறுத்திப் பாக்காம எப்படிச் சொல்றது?" என்றார். அவர் யோசனையில்லாமல் சொன்னது. எனக்குத்தான் வேறு யோசனை பிறந்தது.

நாலாம் நம்பர் மலைக் கங்காணி என் மனைவியின் அண்ணன். என் படிப்பின் மேல் அவருக்கு அபார மரியாதை. "மச்சான், இந்தப் பொலி கிலி எல்லாம் இன்னும் எதுக்கு? வெளியாளுங்க கேட்டாச் சிரிப்பாங்க. ஒரு வாரம் நிறுத்திப் பாருங்க. எலை ஒரு ராத்தல் கொறையாது" என்றேன். அவர் தயங்கினார். "பொம்பளைங்க மொணகுவாங்களே மாப்பிள்ளை. சரி, நீங்க படிச்சவங்க, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று ஒத்துக்கொண்டார். என் கணக்கு சுலபமானது. பொலி இல்லாமலே வேலை நடக்கும். கொட்டகலையில் நான் எழுந்து நின்று, நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை, மூடப் பழக்கம் உதிர்ந்தது என்பேன். சின்ன மாஸ்டரின் கொப்பி வெறுங்கொப்பியாகிவிடும். இதை அவரிடம் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

முதல் நாள் நல்ல பனி. ஒருத்தி எதற்கோ கூடையை அசைக்க, மற்றவர்கள் எல்லாரும் தொடங்கிவிட்டதாக நினைத்துப் பாய்ந்து விழுந்து கிள்ளியிருக்கிறார்கள். இரண்டாம் நாள் இரண்டு பெண்களுக்குள் நிரை ஓரத்துச் செடிக்காகச் சண்டை. கூடைகள் சரிந்து, வார்த்தை தடித்து, கணக்கப்பிள்ளை வந்து விலக்கும்படி ஆயிற்று. மச்சான் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். இன்னும் இரண்டு நாள் பாருங்கள் என்று அனுப்பி வைத்தேன். நாலாம் நாள் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மலையில் மூத்த கொழுந்துக்காரி ஒருத்தி, செடி மட்டம் பார்க்க வைத்திருக்கும் மட்டக்கம்பை எடுத்துக் கூடை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாளாம். பக்கத்து நிரைக்காரியும் தட்டினாள். அவளைக் கேட்டு அடுத்தவள். கடைசி நிரைவரை தட்டல் போய்ச் சேர்ந்ததும் எல்லாரும் ஒன்றாகக் கை வைத்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கூடிப் பேசவும் இல்லை. வாரம் முடிவதற்குள் நாலாம் நம்பர் மலை தட்டித் தொடங்குகிற மலையாகிவிட்டது. மறுபடியும் பொலி சொல்லச் சொன்னபோது தட்டிவிட்டுத்தான் சொன்னார்கள்.

பள்ளிக்கூட வாசலில் நின்று சின்ன மாஸ்டர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்த வாரம் அவர் கொப்பியில் எழுதிய வேகத்தைப் பார்க்க வேண்டும்! ஒரு பழக்கம் செத்தால் அந்த வேலையைச் செய்ய இன்னொரு பழக்கம் எப்படிப் பிறக்கிறது, எப்படி ஒருவரைப் பார்த்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்பதை அவர் கண்ணுக்கு முன்னாலேயே கொண்டுவந்து வைத்துவிட்டேன். அவரைக் கவிழ்க்க நான் வெட்டிய குழியில் அவருக்குத் தண்ணீர் ஊறியது. என் மனைவிக்கு அண்ணன் மூலம் விஷயம் எட்டிவிட்டது. "எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆராய்ச்சிக்கு என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு இப்போதும் மனமில்லை.

கொட்டகலைப் பள்ளிக்கூட மண்டபத்தில் பத்துப் பதினைந்து ஆசிரியர்கள். பேராசிரியர் முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன மாஸ்டருக்கு மேடைப் பேச்சு வராது. கொப்பியைப் பார்ப்பதும் நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தார். ஆனால் பொலியைப் பற்றிச் சொல்லச் சொல்லப் பேராசிரியர் கைகளை அவிழ்த்து முன்னால் சாய்ந்துவிட்டார். முடிக்கும்போது சின்ன மாஸ்டர் என் பக்கம் கையைக் காட்டி, "ஒரு வாரம் பொலிய நிறுத்திப் பாத்தது எங்க பெரிய மாஸ்டர்தான். அது இல்லைன்னா இதுல எதையும் நான் சொல்லியிருக்க முடியாது" என்றார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பேராசிரியர், "நிறுத்திப் பாக்கிறதெண்டது உங்கட யோசனைதானோ?" என்று கேட்டார். கோட்டுப் பையில் என் இருபது பக்கப் படிக்கட்டு மடித்து இருந்தது. அதன் மேல் கையை வைத்தபடி, "ஆமாம்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிப்பு உண்டு. எழுந்து நின்று கால்மணி நேரம் பேசினேன். எனக்கு மேடைப் பேச்சு நன்றாக வரும். பனி மூட்டத்தையும் நிரைச் சண்டையையும் மட்டக்கம்பையும் சொன்னேன். விதைத் தேயிலையையும் சொன்னேன். மேல்படி கீழ்ப்படி என்று எதுவும் இல்லை என்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிக்கட்டு வரைந்த நான், அந்தச் சபையில் அடித்துச் சொன்னேன். சின்ன மாஸ்டர் தடுமாறிச் சொன்னதெல்லாம் என் வாயில் சரளமாக வந்தது. கேட்டவர்கள் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். பேராசிரியர் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்.

நான் புறப்பட்ட அன்று என் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் கொட்டகலை ஸ்டேஷன் வரை வந்தார். ரயில் தாமதம். கடைசியில் நானே கேட்டுவிட்டேன், என் மேல் கோபம் இல்லையா என்று. "நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்கன்னு ரெண்டாம் நாளே கொழுந்துக்காரங்க எங்கிட்ட சொல்லிட்டாங்க. எதுக்குன்னும் எனக்குப் புரிஞ்சுபோச்சு மாஸ்டர்" என்றார். "ஆனா நீங்க நிறுத்தாட்டி அந்தக் கெழவி தட்டியிருக்க மாட்டாங்களே. எனக்கு அது தெரிஞ்சதே போதும். நீங்க பதுளைப் பக்கம் போனீங்கன்னா, அங்க எப்படித் தொடங்குறாங்கன்னு பாத்து எழுதுங்க. மறந்துறாதீங்க." அவர் திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருக்கலாம். நான் உயிரைக் கொடுத்து ஆசைப்பட்ட ஒன்றை அவர் பெரிதாகவே நினைக்கவில்லை என்பது, அதை நான் பறித்துக்கொண்ட பிறகும் எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

பதுளைப் பக்கம் போனேன். பார்த்தேன். அவருக்கு எழுதவில்லை. எழுதினால் அவர் அதில் இன்னொரு கேள்வி கண்டுபிடித்துவிடுவார் என்று பயம். கட்டுரையாக எழுதி என் பேரில் அச்சில் கொண்டுவந்தேன். அவர் பேர் அதில் எங்கும் கிடையாது. அதை எப்படியோ தேடிப் படித்துவிட்டு ஒரு தபாலட்டை போட்டிருந்தார். வாழ்த்து ஒரு வரி. மிச்சமெல்லாம் விஷயம். "நாம் நிறுத்தாத ஆறாம் நம்பர் மலையிலும் இப்போது தட்டித்தான் தொடங்குகிறார்கள். அவர்களுக்குப் பொலி நன்றாகத்தான் இருந்தது, தட்ட வேண்டிய அவசியமே இல்லை. தேவைக்காக மட்டும் மனிதர் பழக்கத்தை எடுத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது. யாரை உசத்தி என்று மனசு நினைக்கிறதோ அவரைப் பார்த்துத் தெரியாமலே செய்கிறார்களோ? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் மாஸ்டர்?" நான் பதில் போடவில்லை. பிறகு இரண்டு நாட்டு அரசாங்கங்களும் எங்கள் சனங்களைப் பங்குபோட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்தது. குடியுரிமைக் காகிதம் இல்லாத எத்தனையோ குடும்பங்களோடு அவரும் அக்கரைக்குக் கப்பலேறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த ஊர் என்று விசாரிக்கவும் இல்லை.

இன்று நான் ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. மலையகத்து வழக்கங்கள் என்றால் என்னைத்தான் தேடி வருகிறார்கள். போன மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திருந்தாள். தபாலட்டையில் இருந்த அந்த விஷயத்தை என் கருத்தாகவே அவளுக்கு விளக்கினேன். பல வருஷமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன். நடுநடுவே அவளிடம் கேள்வியும் கேட்டேன். மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டு போனாள். என் மனைவி கோப்பைகளை எடுக்க வந்தவள், எடுக்காமல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லங்க. ஒரு கேள்வியக் கேட்டுட்டு, பதிலு வர்ற வரைக்கும் கன்னத்துல ஒரு வெரல வச்சுக்கிட்டுத் தலையச் சாய்ச்சுக்கிறீங்கள்ல, அது சின்ன மாஸ்டர் தம்பி செய்யிறது. அச்சு அசல் அப்படியே இருக்கு."

எனக்கு இந்த வயதிலும் முகம் சிவந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"நம்ம தோட்டத்துல இருக்கிறப்பவேதாங்க. அவரு வந்து மூணு மாசத்துலயே ஆரம்பிச்சிட்டீங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என் விரல் அப்போதும் கன்னத்தில்தான் இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதை அங்கே எப்படி வைத்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.